மூன்றாவது பொத்தான்

சுகிர்தபாய் தன்னை அடித்த போலீஸ்காரனை உடுப்போடு ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துப் பதில் சொல்ல வைத்தாள். காரோடு ஊருக்குப் போகிற ஒற்றையடிப் பாதைக்கு வேறு சர்க்கிளிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, வேலியிலிருந்து வாய்க்கால் வரைக்கும் நாடா பிடித்து அளந்தாரென்றால் அது அவள் சொன்ன சொல்லுக்காக. அவள் பெயருக்கு நேராகப் 'பொய்ப் புகார்' என்று எழுதியிருந்ததை, எழுதின ஆபீசே அடித்துத் திருத்தியது. கோணிப்போன மணிக்கட்டோடு அதே சந்தையில், அதே புளிய மரத்தடியில், வேறு ஒருத்தியையும் இடத்தைப் பிடிக்க விடாமல் மரச்சீனிக் கிழங்கு விற்றாள். புருஷன் செத்து நாலு வருஷமாகியிருந்தது. பள்ளிக்கூடத்து வாசலை ஒரு நாளும் மிதிக்காதவள்.

கடைசி விசாரணை வரைக்கும் இதில் ஒன்றுக்கும் அண்ணன் எலியா கை கொடுக்கவில்லை. ஒரு தடவை அவன் கை எதிர்ப்பக்கம் இருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவள் ஜெயித்தது எவ்வளவு என்று தெரியும்.

எலியா உதியன்குளங்கரை முக்கில் தையல் கடை வைத்திருந்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். வீட்டில் ஒரே ஒரு சிலேட்டு இருந்தது, அது ஆண்பிள்ளைக்கு வாங்கினது. தங்கச்சி மூன்று வயது இளையவள். அவன் சிலேட்டோடு போகும்போது அவள் சருகு வாரப் போவாள். அது அந்நாளில் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை, எலியாவுக்கும் தோன்றவில்லை.

கிழிந்த துணியில் இழை ஓட்டுவதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கடைத் துணியை வைத்து ஒட்டுப்போட மாட்டான். சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்து, உள்ளே மடங்கிக் கிடக்கிற துணியிலிருந்து வேண்டிய அளவு வெட்டியெடுப்பான். அந்தச் சட்டையோடு சேர்ந்து வெளுத்த துணி, நிறம் மாறாது. நூலும் அதிலிருந்தே உருவி, ஒவ்வொரு இழையாகக் கோத்து, பழைய நெசவோடு நெசவாக ஓட்டுவான். முடித்த பிறகு உடைமைக்காரன் கையில் கொடுத்து, எங்கே கிழிந்திருந்தது, காட்டும் பார்ப்போம் என்பான். கண்டுபிடித்தவர்கள் குறைவு.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, இந்தப் பக்கமும் ரிசர்வ் போலீசைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற, மூடிக் கிடந்த ஒரு அண்டி ஆபீஸ் கொட்டகையில் கேம்ப் போட்டார்கள். திருவிதாங்கூரிலுள்ள தமிழ்த் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று யார் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், யார் வீட்டில் ஆள் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவர்கள் வேலை. கேம்ப் ஏட்டு கடைக்கு வந்து, உடுப்பு தைக்கிற வேலை இனி உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். முடியாது என்று சொல்ல அது காலமில்லை. நீ எந்தக் கட்சி என்று அடுத்த கேள்வி வரும்.

பதினாலாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் கழிந்து, ஒரு கான்ஸ்டபிள் வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்தான். முன்னூற்றுப் பதினெட்டாம் நம்பர். கேம்பில் எல்லோரையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எலியாவுக்கும் அவன் பெயர் தெரியாது. சட்டையின் மார்பில் மூன்றாவது பொத்தான் துணியோடு பிய்ந்து போயிருந்தது. பெருவிரல் அகலத்துக்குத் துவாரம். முள்வேலியில் மாட்டிக்கொண்டது, நாளைக் காலை பெரிய ஆபீசர் வருகிறார், அதற்குள் வேண்டும் என்றான்.

எலியா மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்தான். இரண்டரை மணி நேரம் பிடித்தது. புதுப் பொத்தான் வைத்தால் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும் என்று, பழைய பொத்தான்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்து, அதே அளவு தேய்ந்த சங்கு முத்திரைப் பொத்தான் ஒன்றைப் பொறுக்கி வைத்தான். முன்னூற்றுப் பதினெட்டு சட்டையைப் போட்டு, நெஞ்சைத் தடவிப் பார்த்து, தையல்காரா நீ ஆளு கொள்ளாமல்லோ என்று மலையாளத்தில் மெச்சிவிட்டுப் போனான். அன்றைக்கு எலியாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டில் சுகிர்தபாய் வலது கையில் மூங்கில் பத்தை கட்டி உட்கார்ந்திருந்தாள். சந்தையிலிருந்து வெறும் கடவப்பெட்டியோடு காரோட்டுப் பாதையில் வந்துகொண்டிருந்தாள். நோட்டீஸ் ஒட்டினவர்களை விரட்டிவந்த போலீஸ்காரன் ஒருவன், அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டிருக்கிறான். கண்டதில்லை என்று சொன்னாள், கண்டதில்லைதான். பொய்யா, நுணை சொல்கிறாயா என்று லத்தியால் போட்டான். விழப் போனவள் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தாள். வைத்தியர் எலும்பை இழுத்து வைத்துக் கட்டும்போதும் அந்த இடது கையை அவள் திறக்கவில்லையாம். அண்ணனிடம்தான் திறந்து காட்டினாள். சங்கு முத்திரைப் பொத்தான், அதோடு பெருவிரல் அகலக் காக்கித் துணி.

“இது போதும் அண்ணா. இது யாருக்க சட்டையில இல்லியோ, அவனாக்கும்.”

எலியா அந்தத் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தான். ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் குறுகி, ஓரத்தில் மூன்று இழை தொங்கிக்கொண்டு. அதன் மறுபாதியை அன்றைக்கு இரண்டரை மணி நேரம் மடியில் வைத்துப் பார்த்தவன் அவன். அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

பெண்டாட்டி ரத்னபாயிடம் மட்டும் சொன்னான். அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னாள். “நீங்க வாயத் தொறந்தா, நாளைக்கே கடையில நோட்டீஸ் கிடந்துதுன்னு சொல்லிப் பிடிச்சிட்டுப் போவினும். அவளுக்கு எலும்பு கூடிரும். உங்களுக்கு எலும்பு இருக்குமா?” அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த மாதத்தில் அப்படிப் போனவர்கள் உண்டு. எலியா அதைப் பிடித்துக்கொண்டான்.

சுகிர்தபாய் நெய்யாற்றின்கரைக்கு நடந்தே போய், வக்கீல் குமாஸ்தா தாணுவைப் பிடித்தாள். தாணு நிதானக்காரர். கொடுமை, அக்கிரமம், ராட்சசன் என்றெல்லாம் எழுதக்கூடாது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எந்தக் கை, இவ்வளவுதான் மனுவில் இருக்கவேண்டும் என்றார். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து, எங்கள் மேடையில் ஏறிக் கையைக் காட்டு என்று அவளிடம் கேட்டார்கள். அவள் தாணுவிடம் போய்க் கேட்டாள். மேடையில் ஏறினால் அடித்தது மறந்துபோய் அரசியல் மட்டும் மிஞ்சும் என்று அவர் சொல்ல, போகவில்லை. மனு திருவனந்தபுரத்துக்கு, ஜில்லா சூப்பிரண்டு ஆபீசுக்குப் போயிற்று.

அங்கே அதற்கு ஒரு நம்பர் போட்டார்கள். பிறகு 'விசாரித்து அறிக்கை தருக' என்று மேலே எழுதி, அடுத்த படிக்கு இறக்கினார்கள். அந்தப் படியும் அதையே எழுதி இறக்கியது. படிப்படியாக இறங்கி, கடைசியில் அதே கேம்பின் சப் இன்ஸ்பெக்டர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. யார் மேல் புகாரோ அவன் தினமும் சல்யூட் வைக்கிற மேஜை.

ஒரு புதன்கிழமை காலையில் அவளைக் கேம்புக்கு அழைத்தார்கள். இருபத்தாறு பேர் வரிசையாக நின்றார்கள். அவள் நேரே போய் முன்னூற்றுப் பதினெட்டின் எதிரில் நின்றாள். சப் இன்ஸ்பெக்டர் அவள் கொண்டுவந்த பொத்தானை விரல் நுனியில் பிடித்து, அவன் மார்புக்கு நேரே காட்டினார். ஐந்து பொத்தானும் இருந்தன, துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வரிசையில் யாரோ சிரித்தான். துணி விஷயம் அல்லவா, தையல்காரனைக் கூப்பிடு என்றார் அவர். எலியா வந்தான்.

அவன் கிட்டப் போய்ப் பார்த்தான். தன் இழையைத் தானே கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு சுத்தமான வேலை. முன்னூற்றுப் பதினெட்டு அவன் கண்ணைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தான். சுகிர்தபாய் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதில ஒட்டு இல்ல, ஏமான்.”

அவ்வளவுதான் சொன்னான். சப் இன்ஸ்பெக்டர் பொத்தானைத் துணியோடு அவளிடமே திருப்பிப் போட்டார். ஏட்டு ஒரு காகிதத்தை எழுதி, படித்துக் காட்டாமல், அவள் இடது பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அதில் வைத்தார். சாட்சி என்று எலியாவை அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எலியாவின் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் விழுந்தது.

ஒன்றரை மாதத்தில் காகிதம் வந்தது. புகார் பொய், துவேஷத்தால் கொடுத்தது; சர்க்கார் உத்தியோகஸ்தன் மேல் பொய்ப் புகார் கொடுத்ததற்கு உன் மேல் ஏன் கேஸ் எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தது. சந்தையில் அவளுக்கு 'பட்டன் சுகிர்தம்' என்று பெயர் விழுந்தது. வேதக்கோயிலில் பெண்கள் பக்கத்துப் பாயில் அவளுக்கு இரண்டு புறமும் இடம் கிடந்தது. அவள் தாணுவிடம் போய் இரண்டாவது மனு எழுதினாள். கேம்பிலுள்ளவர்களே கேம்பை விசாரிக்கக் கூடாது, வெளி ஆபீசர் வேண்டும். கான்ஸ்டபிள் சட்டை மாற்றிப் போட்டு நின்றிருக்கலாம், அவன் கணக்கிலுள்ள எல்லாச் சட்டையையும் பார்க்கவேண்டும் என்று. திருவனந்தபுரத்துக்கு மூன்று தடவை போய், ஆபீஸ் வராந்தாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தாள். எலியா ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றிவிட்டான். அது ஒன்றுதான் அவன் செய்தது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஜூலையில், வேறு சர்க்கிள் இன்ஸ்பெக்டர் விசாரிப்பார், நெய்யாற்றின்கரைப் பயணியர் பங்களாவுக்கு வா, தையல்காரனும் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அண்ணனும் தங்கையும் காலையிலேயே போய் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். உள்ளே கூப்பிட இன்னும் நேரமிருந்தது.

சுகிர்தபாய் பேச ஆரம்பித்தாள். போன வாரம் முன்னூற்றுப் பதினெட்டைப் பஸ் ஸ்டாண்டில் கண்டாளாம். காய்ச்சல் சூடு பிடித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றானாம். அதற்குப் பிறகு அவளுக்கு உறக்கமில்லை.

“அண்ணா, நான் ஒண்ணு தீருமானிச்சிட்டேன். ஆளு மாறிப்போச்சுன்னு சொல்லப்போறேன். அந்த மனுசனுட்ட மாப்பும் கேக்கணும்.”

எலியா ஏன் என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“நிங்க கிட்டப் போய்ப் பாத்து ஒட்டு இல்லேன்னு சொன்னிய. நிங்க கண்ணுக்குத் தப்புற ஒட்டு உண்டா? அப்பம் எனக்க கண்ணுதான் பொய்யி. ஒரு வருசமா ஒரு பாவப்பட்டவன் சோத்துல மண்ணு வாரிப் போட்டிருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஒருவேள நிங்க பாத்ததுல தப்பியிருக்குமோ, அண்ணா?”

இருக்கலாம் என்று சொன்னால் போதும். அது பாதிப் பொய்தான், அவளும் சமாதானமாவாள், இவனும் தப்பினான். அந்தச் சொல் எலியாவின் வாய் வரைக்கும் வந்தது. அவள் அதைக் கேட்டுத் தலையாட்டத் தயாராக இருந்ததுதான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று.

“தப்பல்ல,” என்றான். “அந்த ஒட்டு நான் போட்டதாக்கும். நீ அடி வாங்கின அண்ணைக்கே.”

முழுவதையும் சொன்னான். கீழ்மடிப்பில் வெட்டினது, டப்பாவைக் கவிழ்த்துப் பொத்தான் பொறுக்கினது, அவள் கையிலிருந்த துணியைக் கண்டதும் தெரிந்துகொண்டது, ஒன்றையும் விடவில்லை. ரத்னபாய் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பாரம் அவள் தலைக்குப் போகும்.

சுகிர்தபாய் அழவில்லை. கோணின கையை மடியில் வைத்து, மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

“அவன் கையத்தான் அடிச்சான்,” என்றாள். “நிங்க எனக்க கண்ணையில்லா பொய்யாக்கிப்போட்டிய.”

அதற்குள் பேரைக் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். முன்னூற்றுப் பதினெட்டு மேஜைக்கு மறுபக்கம் நின்றான். புகார் சொல்லப்பட்டவனுக்கும் எதிர்க்கேள்வி கேட்க உரிமை உண்டு, எல்லாம் இருவர் காதிலும் விழவே எழுதப்படும் என்று அவர் முதலிலேயே சொன்னார். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு மலையாளத்தில் உரக்கப் படித்தார். சுகிர்தபாய் நடந்ததைச் சொன்னாள். ஆள் இவன்தான் என்றாள்.

எலியாவின் முறை வந்ததும், முன்பு சொன்னது பொய் என்று ஆரம்பித்தான். இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தார். பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டு, தெரியுமா என்றார். தெரியும் என்றான். முன்னூற்றுப் பதினெட்டுக்கு, அவனை மடக்க இதுதான் இடம் என்று பட்டது.

“அண்ணைக்கு இல்லேன்னு சொன்ன வாய்தானே இது? இண்ணைக்கு உண்டுன்னு சொன்னா, இதில எது பொய்யி?”

“அண்ணைக்குச் சொன்னதாக்கும் பொய்யி.”

அப்படியானால் காட்டு என்றார் இன்ஸ்பெக்டர். அவன் கணக்கிலிருந்த மூன்று சட்டைகளையும் மேஜைமேல் போட்டார்கள். கழுத்துப் பட்டைக்குள் மூன்றிலும் நம்பர் அச்சடித்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. எலியா இரண்டாவது சட்டையை எடுத்துக் கீழ்மடிப்பைத் திருப்பினான். உள்ளே பெருவிரல் அகலத்துக்குத் துணி வெட்டின இடம் இருந்தது. அது போதாது என்று அவனுக்கே தோன்றியது. சட்டைப் பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, அனுமதி கேட்டான்.

முதல் இழையை அறுக்கக் கை வரவில்லை. ஒட்டின ஒட்டை அவன் தன் ஆயுளில் பிரித்ததில்லை. பிறகு ஒவ்வொன்றாக உருவினான். பொத்தான் தனியே வந்தது, ஒட்டுத் துணி தனியே வந்தது, உள்ளே மடித்துத் தைத்திருந்த பழைய கிழிசல் வாயைத் திறந்தது. சுகிர்தபாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் துண்டை மேஜைமேல் வைத்து, இடது கையால் நகர்த்திக்கொண்டுபோய் அந்த வாயில் பொருத்தினாள். நீளப் பக்கம் நீளத்தில், குறுகின பக்கம் குறுகினதில். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று குனிந்து பார்த்தார். முன்னூற்றுப் பதினெட்டு அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிவிட்டு மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“ஒருக்க வச்சேன், ஏமான். அதில என்ன எழுதியிருந்துதுன்னு இண்ணைக்கு வரைக்கும் தெரியாது. இனி வைக்கமாட்டேன்.”

படித்துக் காட்டினேன், சரி என்று ஒப்புக்கொண்டாள், விரல் பதிக்க மறுத்தாள் என்று இன்ஸ்பெக்டர் தம் கையாலேயே கீழே எழுதிக்கொண்டார். மறுநாள் பாதையை அளக்க வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு சுகிர்தபாய் அண்ணனோடு பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கோயில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருப்பதை எலியா கண்டான். பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பாடிக்கொண்டே விரலை எழுத்தின்மேல் நகர்த்தி, எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று பிடித்தாள். கரித்துண்டால் இடது கையில் எழுதிப் பழகினாள். எலியா அவள் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ரத்னபாய் வசம் கொடுத்தனுப்பினான். காகிதம் திரும்பி வந்தது. எனக்க பேரு இந்தப் பாட்டுக்குள்ளேயே சிதறிக் கிடக்குது, நான் பெறக்கி எடுத்துக்கிடுவேன் என்று சொன்னாளாம்.

மழைக்காலம் கழிந்து ஒரு வரியில் காகிதம் வந்தது: உன் மனுமேல் தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது. தக்க நடவடிக்கை என்றால் என்ன, பொய் என்று எழுதினதை அடித்தார்களா இல்லையா என்று அவள் மூன்றாவது மனு எழுதவைத்தாள். ஆபீஸ் விஷயம் புகார்க்காரிக்குச் சொல்லும் வழக்கமில்லை என்றார்கள். தாணு எதெதையோ காட்டி எழுதினார். கடைசியில் உத்தரவின் நகல் தருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

நகலோடு ஒரு கான்ஸ்டபிள் அவள் வீட்டுக்கே வந்தான். பெற்றுக்கொண்டேன் என்று விரல் வைத்தால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவன் நினைத்தான். முழுக்கப் படித்தால்தான் வாங்குவேன் என்றாள். அவன் முற்றத்தில் நின்று உரக்கப் படித்தான். அக்கம்பக்கத்தவர்கள் கூடினார்கள். முன்னூற்றுப் பதினெட்டுக்கு இரண்டு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம், ஊர் மாற்றம். அவனை வேலையிலிருந்து நீக்கவில்லை. கேம்ப் சப் இன்ஸ்பெக்டருக்கு எச்சரிக்கை. புகார் பொய் என்ற முன் அறிக்கை ரத்து. பிறகு ஒரு வரி: புகார்க்காரியின் சொந்தச் சகோதரனாகிய தையல்காரன் எலியா, முதல் விசாரணையில் தெரிந்தே பொய் சொன்னதால் இந்தத் தாமதம் நேர்ந்தது.

வேலியோரம் நின்ற எலியாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கான்ஸ்டபிள் படிப்பை நிறுத்தி, மேலே படிக்கவா என்பதுபோல அவளைப் பார்த்தான். முடியட்டும் என்று அவள் தலையசைத்தாள். எலியா நகரவில்லை. அவன் நின்று கேட்கவேண்டிய வரி அது.

படித்து முடிந்ததும் அவள் பேனாவை வாங்கினாள். இடது கையில், தமிழில், ஒவ்வொரு எழுத்தையும் பாட்டிலிருந்து எடுத்து வைப்பதுபோல வைத்தாள். நேரம் பிடித்தது. எழுதி முடித்த பிறகு, இதில் தேதியும் வேண்டும் என்று கான்ஸ்டபிள் சொன்னான். அவளுக்கு எண் எழுத வராது, சொல்லக் கேட்டால் எழுத்தாலேயே எழுதிவிடுவாள். வேலிப் பக்கம் பார்த்து, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, “அண்ணா, தேதி என்ன?” என்று கேட்டாள்.

எலியா சொன்னான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, மார்ச் பத்தொன்பது, திங்கட்கிழமை.